வாசல் கதவும் வயோதிகப் பூனையும்

வாயில்லாப் பிராணிகளின் பொருட்டு மனிதன் மறுமையில் விசாரிக்கப்படுவான் என்பது நம் மார்க்கத்தின் தெளிவான போதனை. ஆனால் அந்த விசாரணை எதைப் பற்றியது, எங்கே தொடங்குகிறது என்பதை ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆலிம் என்று அழைக்கப்படும் அடியேனும் சில மாதங்களுக்கு முன்வரை அதனை ஆழ்ந்து எண்ணியவனல்லன். மதுக்கரையில் ஒரு மூதாட்டி கேட்ட கேள்விதான் என்னை மீண்டும் கிதாபுகளின் முன் அமர்த்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த வேளை. எனக்குப் பழக்கமான குடும்பமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஓடு வேய்ந்த பழைய வீடு; முன்னே திண்ணை; பின்னே, கொங்கு நாட்டார் பொடக்காளி என்று வழங்கும் புழக்கடை. வீட்டுத் தலைவர் உயிரோடிருந்த காலத்தில், மழையில் நனைந்து கிடந்த குட்டியொன்றை எடுத்து வந்து வளர்த்தார். மஞ்சள் நிறப் பூனை. அவர் காலமான பின்னும் அது அங்கேயே இருந்தது. அதற்கு இப்போது 14 வயது. பகலெல்லாம் மூதாட்டியின் காலடியில் உறங்கும். இரவானால் கதவைப் பிறாண்டி, வெளியே விடும்படி கத்தும்.

பக்கத்து வீட்டுப் பூனையைத் தெரு நாய்கள் குதறிக் கொன்றுவிட்டன. அன்று முதல் பேரன் கதவைத் தாழிட்டு, "இதனை இனி வெளியே விடவே கூடாது" என்றான். மூதாட்டிக்கோ உறக்கமில்லை. பூனையை அடைத்து வைத்த பெண்ணுக்கு நரகம் கிடைத்ததாக வாஅழில் கேட்ட செய்தி அவர் நெஞ்சைக் குடைந்தது. "ஹஜ்ரத், அவர் வளர்த்த ஜீவன் இது. இதை அடைத்து வைத்து நான் அல்லாஹ்விடம் அகப்பட்டுக் கொள்வேனோ?" என்று கேட்டார்.

பாதி அறிவில் சொன்ன பதில்

நான் சற்றும் தயங்கவில்லை. நாயகத் தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அவர்கள் ஒளூச் செய்வதற்காக, மருமகள் கப்ஷா அவர்கள் தண்ணீர் வார்த்து வைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அது தாகம் தீரப் பருகும்வரை பொறுத்திருந்தார்கள். மருமகள் வியந்து நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களிடையே சுற்றி வரும் ஜீவன்களில் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துக் கூறினார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூது, திர்மிதி முதலிய நூல்களிலும் பதிவான செய்தி இது.

"சுற்றித் திரிவது அதன் இயல்பு, அம்மா. அதனை அடைக்க வேண்டாம், திறந்து விடுங்கள்" என்று கூறிவிட்டு எழுந்தேன். நல்ல பதில் சொன்ன நிறைவோடுதான் வீடு திரும்பினேன்.

நான்காம் நாள் பேரன் என் வாசலில் நின்றான். திறந்துவிட்ட பூனை இரண்டு இரவுகள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் காது கிழிந்து, பின்னங்காலில் கடிபட்டு, அந்தக் கால் வீங்கி, இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. ஊரார் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருந்தகத்துக்கு அதனைக் கூடையில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். மருத்துவர் சீழை அகற்றிக் கட்டுப் போட்டார். "இதற்குக் காது ஏறக்குறைய மந்தமாகிவிட்டது, பல்லும் தேய்ந்துவிட்டது. நாய் வருவதைக் கேட்கவும் முடியாது, மரத்தில் தாவி ஏறவும் முடியாது. இதனை ஏன் இரவில் வெளியே விட்டீர்கள்?" என்று கேட்டாராம்.

நான் சென்று பார்த்தபோது மூதாட்டி என்மீது கோபம் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருக்கும். அவர் கேட்டது இதுதான்: "அடைத்து வைத்தால் பாவம் என்று அஞ்சித் திறந்து விட்டேன். திறந்து விட்டதற்கும் கேள்வி கணக்கு உண்டா, ஹஜ்ரத்?"

பதில் சொல்ல என் நாவு எழவில்லை. "பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

"சுற்றி வருபவை" என்பதன் பொருள்

வீடு திரும்பிக் கிதாபுகளைப் புரட்டினேன். நான் சொன்ன ஹதீஸ் சரியானதே. அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் பிழை.

நாயகம் (ஸல்) அவர்கள் பூனையைக் குறிக்க ஆண்ட சொல் "தவ்வாஃபீன்" என்பது. இதே சொல்லைத் திருமறையின் 24-ஆம் அத்தியாயமான சூரத்துந் நூரில், 58-ஆம் வசனத்தில் காண்கிறோம். வீட்டுப் பணியாட்களும் சிறு குழந்தைகளும் மூன்று வேளைகளில் மட்டும் அனுமதி பெற்று உள்ளே வரவேண்டும். மற்ற நேரங்களில் அவர்கள் உங்களிடையே சுற்றி வருபவர்கள் என்பதால் குற்றமில்லை என்று அவ்வசனம் விளக்குகிறது. வீட்டினுள் உங்கள் நடுவே ஓயாது வந்து போகும், உங்களைச் சார்ந்து வாழும் குடும்பத்தார் என்பதே இங்கே பொருள். தெருவில் அலைந்து திரிபவை என்ற கருத்து அச்சொல்லில் இல்லை.

எனவே அந்த நபிமொழி பூனையைத் தெருவுக்கு அனுப்பச் சொல்லவில்லை. வீட்டில் குழந்தைக்கும் பணியாளுக்கும் இருக்கும் இடத்தில் அதனை வைத்துப் பேசுகிறது. குழந்தையைப்போல் நம்மிடையே சுற்றி வரும் ஒன்றை, நாய்கள் உலவும் நள்ளிரவில் வெளியே தள்ளிக் கதவை மூடுவது அந்தச் சொல்லுக்குச் செய்யும் மரியாதையாகுமா?

அடைத்தல் வேறு, காத்தல் வேறு

இனி, மூதாட்டியின் நெஞ்சைக் குடைந்த அந்த மற்றொரு ஹதீஸுக்கு வருவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நூல்களிலும் இடம்பெற்றது அது. ஒரு பெண் பூனையொன்றைக் கட்டி வைத்தாள். அதற்கு உணவளிக்கவில்லை. தரையில் ஊரும் சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும்படி விடவும் இல்லை. அது பசியால் மடிந்தது. அதன் பொருட்டு அவள் வேதனைக்கு ஆளானாள் என்பது அதன் சாரம்.

அங்கே குற்றம் எது? இரண்டு வழிகள் அவள் முன் இருந்தன. தானே உணவளிப்பது ஒன்று. தேடி உண்ணும்படி விடுவது மற்றொன்று. இரண்டையும் அவள் மறுத்தாள். அந்த மறுப்பே அவளுடைய குற்றம். உணவும் நீரும் தவறாது அளித்து வந்தால் பூனையை வளர்ப்பதும் கட்டி வைப்பதும் ஆகும் என்று இந்த ஹதீஸிலிருந்தே இமாம் குர்துபி சட்டம் எடுத்துள்ளதை, ஹிஜ்ரி 852-இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ தம் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்துக் காட்டுகிறார்.

ஆகவே கதவைத் தாழிட்ட பேரன் அந்தப் பெண்ணின் கூட்டத்தில் சேர்ந்தவனல்லன். அதே வேளையில், கதவைத் தாழிட்டதோடு தன் கடமை முடிந்ததென்று அவன் இருந்துவிடவும் இயலாது. வெளியே அது தானே தேடிக் கொண்டிருந்த உணவு, வெயில், மண், காற்று ஆகிய எல்லாவற்றுக்கும் இனி வீட்டார் பொறுப்பாகிறார்கள். தாழ்ப்பாள் போடும் கை, நீர்க் கிண்ணத்தையும் நிரப்ப வேண்டும்.

முதுமைக்கும் உரிமை உண்டு

இவ்வளவும் எல்லாப் பூனைகளுக்கும் பொருந்துபவை. வயது முதிர்ந்த பூனைக்கு என்று தனி உரிமை ஏதும் உண்டா? உண்டு. சுல்தானுல் உலமா என்று போற்றப்படும் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள் திமிஷ்கில் பிறந்து, ஹிஜ்ரி 660-இல், அதாவது 1262-இல், கெய்ரோவில் மறைந்தவர். மனிதன்மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளை அவர் தம் கவாஇதுல் அஹ்காம் நூலில் வரிசைப்படுத்துகிறார். ஒரு பிராணி மூப்பினாலோ பிணியினாலோ எப்பயனும் தராத நிலையை அடைந்தாலும் அதற்குரிய செலவை உரிமையாளர் செய்தே தீரவேண்டும் என்பது முதலாவது. அதன் இனத்தைச் சேர்ந்ததாயினும் வேறு இனமாயினும், அதனைக் கடித்தோ முட்டியோ காயப்படுத்தக் கூடியவற்றோடு அதனைச் சேர விடலாகாது என்பதும் அவ்வரிசையில் உண்டு.

இந்த இரண்டாவது விதியைப் படித்தபோது, கிழிந்த காதோடு கூடையில் கிடந்த அந்த மஞ்சள் பூனை என் கண்முன் நின்றது. ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் மறைந்த ஒரு பேரறிஞர், மதுக்கரையின் ஒரு தெருவுக்காக எழுதிவைத்தது போலிருந்தது.

14 வயதுப் பூனை என்பது எழுபதைத் தாண்டிய மனிதருக்கு ஒப்பானது என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகின்றனர். மூட்டு வலி, சிறுநீரகத் தளர்ச்சி, பார்வை மங்கல், செவி மந்தம் ஆகியவை அந்த வயதில் மிகுதி. வழக்கத்துக்கு மாறாக அதிகம் தண்ணீர் குடிப்பதும், உடல் மெலிவதும், தாவி ஏறிய இடத்தில் ஏறத் தயங்குவதும் முதுமையென்று தள்ளிவிடத் தக்கவையல்ல. அவை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இரவில் காரணமின்றி உரக்கக் கத்துவதும் அப்படியே. வலியும், செவி மந்தமும், மூளைத் தளர்ச்சியும் அதற்குக் காரணமாகலாம். வெளியே போகத்தான் கத்துகிறது என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. நம் வீட்டு முதியவர் இரவில் முனகினால் என்னவென்று கேட்கிறோம். இதற்குக் கேட்கும் வாயில்லை, அவ்வளவுதான்.

பலவீனத்தில் படைத்து, பின் பலத்தைத் தந்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் இறைவன் என்று திருமறையின் 30-ஆம் அத்தியாயம் 54-ஆம் வசனம் மனிதனுக்கு நினைவூட்டுகிறது. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று 6-ஆம் அத்தியாயம் 38-ஆம் வசனம் கூறுகிறது. இரண்டையும் சேர்த்து எண்ணுகிறவர், மூப்படைந்த ஒரு பிராணியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஊரின் இயல்பும் அண்டை வீட்டாரின் உரிமையும்

எந்த ஊரில் வாழ்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். மதுக்கரை ஒருபுறம் 1930-களில் தோன்றிய சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் கொண்ட தொழிலூர். மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோரம். கேரளம் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் லாரிகள் ஓய்வதில்லை. வாளையாறு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதன்பின் 2024-இல், யானைகள் தண்டவாளத்தை நெருங்குவதை முன்கூட்டியே அறிவிக்கும் கண்காணிப்புக் கருவிகள் கோபுரங்களில் பொருத்தப்பட்டன. 2022 ஜனவரியில், அருகிலுள்ள குனியமுத்தூர்ப் பகுதியில் ஒரு கிடங்கில் புகுந்து பதுங்கிய சிறுத்தை, சில நாட்களுக்குப் பின்னரே வனத்துறையின் கூண்டில் சிக்கியது. யானைக்கே காவல் தேவைப்படும் ஊரில், செவி மந்தமான கிழப் பூனையை இருளில் அனுப்பலாமா?

எலிக்கு வைத்த நஞ்சைத் தின்ற எலியைப் பூனை தின்றால், பூனைக்கும் அந்த நஞ்சு ஏறும். வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் உண்டு. அதன் கடியால் மனிதருக்கும் பரவும். ஆகவே வெளியே போகும் பூனைக்குத் தடுப்பூசி அவசியம்.

அண்டை வீட்டாரின் உரிமையையும் மறத்தலாகாது. பிறர் வீட்டுப் பறவையையோ உணவையோ பாழாக்கும் வழக்கம் ஒரு பூனையிடம் அறியப்பட்டிருந்தால், இரவாயினும் பகலாயினும் அந்த நஷ்டத்துக்கு அதன் உரிமையாளரே ஈடு செய்ய வேண்டும் என்பதை வலுவான கருத்தாக இமாம் நவவீ அவர்கள் மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். அடுத்த வீட்டார் புறா வளர்க்கையில், "பூனையின் சுபாவம் அது" என்று நாம் கைகழுவிவிட முடியாது.

மரத்தின் மேல் ஒரு பூனைக்குட்டி

இந்தத் தேடலில் என் உள்ளத்தை மிகவும் நெகிழ வைத்தது, பன்முறை படித்தும் கவனியாது விட்ட ஒரு சிறு செய்தி. ஹதீஸ்களை அறிவித்தோரில் முதலிடம் பெற்ற நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பட்டப்பெயருக்குப் பூனைக்குட்டியின் தந்தை என்பது பொருள். இப்பெயர் வந்த காரணத்தை அவர்களே கூறியதாக திர்மிதியில் காண்கிறோம். குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனை இருந்தது. இரவானால் அதனை ஒரு மரத்தில் வைத்து விடுவார்கள். பகலில் தம்முடன் எடுத்துச் சென்று அதனோடு விளையாடுவார்கள்.

பகலில் வெளியே, தம் கண்பார்வையில். இரவில் உயரத்தில், தீங்கு அணுகாத இடத்தில். சிறு குட்டிக்கு அந்த மேய்ப்பர் செய்த ஏற்பாடு இது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாமையில் சிறு குட்டிக்கும் கிழப் பூனைக்கும் வேற்றுமை என்ன?

சூரியன் மறைந்ததும், இரவின் முதல் இருள் கழியும்வரை, உங்கள் கால்நடைகளையும் பிள்ளைகளையும் வெளியே விடாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். பிள்ளையும் பிராணியும் ஒரே கட்டளையில் இணைந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

மூதாட்டிக்குச் சொன்ன பதில்

மறு வாரம் அந்த வீட்டுக்குச் சென்றேன். முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். "அம்மா, அன்று நான் அவசரப்பட்டேன். நீங்கள் அஞ்சியது நியாயம். உங்கள் பேரன் அஞ்சியதும் நியாயம். நான்தான் பார்க்காமல் சொன்னேன்" என்றேன். பேரனின் முகத்தில் வெற்றிப் பெருமிதம் எழுவதைக் கண்டு, அவனுக்கும் ஒரு சொல் வைத்திருந்தேன்: "தம்பி, கதவைச் சாத்தியது சரி. அது 14 வருடம் வெயில் காய்ந்த உடம்பு என்பதை மறந்ததுதான் சரியில்லை."

மூவரும் அமர்ந்து இவ்வாறு முடிவு செய்தோம். மக்ரிபு பாங்குக்கு முன் பூனை உள்ளே வந்துவிட வேண்டும். சுபுஹுக்குப் பின், நன்கு வெளிச்சம் வந்ததும், பொடக்காளியில் மூதாட்டி அமர்ந்திருக்கும் வேளையில் அது வெயில் காயலாம். மதிலின் இடைவெளியைப் பேரன் வலையால் அடைத்துவிட்டான். பழகிய பூனையை ஒரே நாளில் முற்றாக அடைத்தால் அது கலங்கிப் போகும் என்பதால், மாலை உணவை மக்ரிபுக்குச் சற்று முன்னரே உள்ளே வைத்துப் பழக்கும்படி சொன்னேன். உணவை நாடி அது தானே வந்துவிடும்.

மருமகளுக்கு ஒரு தயக்கம் இருந்தது. தொழுகை நடக்கும் வீடாயிற்றே என்றார். நியாயமான தயக்கந்தான். பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. எனவே தொழும் இடத்துக்கு அப்பால், விளிம்பு தாழ்ந்த மண் தொட்டியொன்றை வைத்து நாள்தோறும் சுத்தம் செய்யவேண்டும். அது வாய்வைத்த நீர் அசுத்தமன்று. ஹனஃபி மத்ஹபின்படி, வேறு நீர் இருக்கும்போது அதில் ஒளூச் செய்வது தவிர்க்கத் தக்கது. ஷாஃபிஈ மத்ஹபில் அந்தத் தடையும் இல்லை.

மருத்துவர் சொன்னதாகப் பேரன் தெரிவித்த இரண்டு எச்சரிக்கைகளை எல்லா வீட்டாருக்கும் சொல்லி வைக்கிறேன். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு, இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சுத்தமான நீரே நன்று.

பூனைகளுக்காக ஆட்சியாளர்களே அறம் நிறுவிய சமுதாயம் நம்முடையது. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார் என்றும், தம் காலத்திலும் மாலைதோறும் காஜியாரின் மாளிகையில் பூனைகளுக்கு உணவிடப்பட்டது என்றும், 1830-களில் அந்நகரில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் லேன் எழுதியுள்ளார். நம்மிடம் தோட்டமில்லை. ஒரு கிண்ணம் நீரும், ஒரு சாக்கு விரிப்பும், நேரத்துக்குச் சாத்தப்படும் ஒரு கதவும் உண்டு.

சில வாரங்கள் கழித்து அந்த வழியே சென்றேன். மக்ரிபு பாங்கு ஒலிக்கச் சற்று நேரமிருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மூதாட்டி பின்கட்டிலிருந்து கிண்ணத்தைத் தரையில் தட்டினார். செவி மந்தமான பூனைக்கு ஓசை கேட்டிருக்காது. தரையின் அதிர்வை உணர்ந்தது போலும். மெல்ல எழுந்து, காலை இழுத்தபடி, உள்ளே சென்றது. அவர் கதவைச் சாத்தினார். என்னைக் கண்டதும், "இப்போது உறக்கம் வருகிறது, ஹஜ்ரத்" என்றார்.

நம்மை நம்பி நம்மிடையே சுற்றி வரும் எல்லா உயிர்களிடத்தும், அவற்றின் இளமையில் காட்டிய அன்பை முதுமையிலும் குறையாது காட்டும் நல்லுள்ளத்தையும், அறியாததை அறியேன் என்று சொல்லும் பணிவையும் அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.